கல்லூரிப் புத்தக விலையைப் பார்த்து மலைப்பா? அன்றே வழி யோசித்த சீர்காழி கணக்கு வாத்தியார்... யார் இந்த எஸ்.ஆர்.ரங்கநாதன்?

கல்லூரியில் சேர்ந்தாச்சு, ஃபீஸ் கட்டியாச்சு, ஹாஸ்டல் அட்வான்ஸும் கொடுத்தாச்சு. அதற்குப் பிறகுதான் வகுப்பில் அந்த லிஸ்ட் வரும். இந்தப் பேப்பருக்கு இந்த ஆசிரியர், அந்தப் பேப்பருக்கு அந்தப் பதிப்பு என்று. கடையில் போய் விலை கேட்டால் பாதிப் பேர் ஜெராக்ஸ் கடைப் பக்கம் திரும்பி விடுவார்கள்.

இந்தச் சிக்கலுக்கு இன்று உலகம் முழுக்கச் சொல்லப்படும் தீர்வு, திறந்தநிலைக் கல்வி வளங்கள். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம், நகல் எடுக்கலாம், தங்கள் மொழிக்கு மாற்றலாம் என்ற உரிமையோடு வெளியிடப்படும் பாடப்புத்தகங்கள், வீடியோக்கள், பயிற்சித் தாள்கள். இன்டர்நெட் வந்த பிறகு பிறந்த விஷயம் இது.

ஆனால் இதன் அடிப்படைக் கேள்வியை, இன்டர்நெட் இல்லாத காலத்திலேயே ஒருவர் கேட்டுவிட்டார். படிக்க ஆசைப்படுபவருக்கும் புத்தகத்துக்கும் நடுவே பணம் ஏன் குறுக்கே நிற்க வேண்டும்? கேட்டதோடு நிற்காமல், அதற்காக ஒரு சட்டத்தையே கொண்டு வர வைத்தவர் அவர். சீர்காழியில் பிறந்த கணித ஆசிரியர் எஸ்.ஆர்.ரங்கநாதன். அவருடைய வாழ்க்கையையும், இன்றைய மாணவருக்கு அதில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்கலாம்.

கணக்கு வாத்தியார் நூலகர் ஆன கதை

சீர்காழி ராமாமிர்தம் ரங்கநாதன் பிறந்தது 1892 ஆகஸ்டில். ஆறு வயதுக்குள் அப்பாவை இழந்தார். சீர்காழியில் பள்ளிப் படிப்பு. பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதத்தில் பி.ஏ., எம்.ஏ. அதன்பின் சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி.

1917-ல் அரசுக் கல்லூரி ஆசிரியர் வேலை கிடைத்தது. மங்களூர், கோயம்புத்தூர் என்று பணியாற்றிவிட்டு சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். பாடம் நடத்துவது அவருக்கு ரொம்பப் பிடித்த வேலை. சம்பளம்தான் பற்றவில்லை.

அந்த நேரத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் தன் நூலகத்துக்கு ஒரு நூலகரைத் தேடியது. சம்பளம் நல்ல சம்பளம். நூற்றுக்கணக்கானவர்கள் விண்ணப்பித்தார்கள். நூலகத் துறையில் ரங்கநாதனுக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. இருந்தாலும் வேலை அவருக்கே கிடைத்தது. 1924 ஜனவரியில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்த சில நாட்களிலேயே வெறுத்துப் போனது. படிக்க வருபவர்கள் ரொம்பக் குறைவு. நாள் முழுக்கப் பேச ஆள் கிடையாது. வகுப்பறைக்கே திரும்பிப் போகிறேன் என்று மாநிலக் கல்லூரிக்குப் போய்க் கேட்டே விட்டார். முதலில் இங்கிலாந்து போய் நூலகப் பயிற்சி முடித்துவிட்டு வா, அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள்.

அந்தப் பயணம்தான் எல்லாவற்றையும் மாற்றியது.

லண்டனில் அவர் பார்த்தது என்ன?

1924-ல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் சேர்ந்தார். குரொய்டன் நூலகத்தின் தலைவராக இருந்த டபிள்யூ.சி.பெர்விக் சேயர்ஸ் அவருக்கு வழிகாட்டி. படிப்போடு நிற்கவில்லை. ஊர் ஊராகப் போய் ஏராளமான நூலகங்களை நேரில் பார்த்தார்.

அங்கே அவர் கண்டது இதுதான். ஆலைத் தொழிலாளி வேலை முடிந்து நூலகத்துக்கு வருகிறார். குழந்தைகளுக்குத் தனி அறை இருக்கிறது. பெண்கள் புத்தகம் எடுத்துப் போகிறார்கள். யாரிடமும் காசு கேட்பதில்லை, ஏனென்றால் செலவை உள்ளாட்சி வரி ஏற்றுக்கொள்கிறது. ஒரு ஊரின் தெரு விளக்குக்கு எப்படி எல்லோரும் சேர்ந்து பணம் போடுகிறார்களோ, அப்படித்தான் புத்தகத்துக்கும்.

நூலகம் என்பது புத்தகங்களைப் பூட்டி வைக்கும் குடோன் இல்லை, ஊருக்கே பொதுவான பள்ளிக்கூடம் என்பது அவர் மனதில் பதிந்தது. 1925-ல் சென்னை திரும்பியபோது, மாநிலக் கல்லூரிக்குத் திரும்பும் எண்ணமே போய்விட்டது.

அலமாரியின் கதவைத் திறந்தவர்

அந்தக் காலத்து நூலகம் எப்படி இருக்கும்? நீங்கள் அலமாரிப் பக்கமே போக முடியாது. வேண்டிய புத்தகத்தின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். ஊழியர் உள்ளே போய்த் தேடி எடுத்து வருவார். பெயர் தெரியாத புத்தகம் உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த மாணவருக்கு எந்தப் புத்தகத்தின் பெயர் தெரியும்?

ரங்கநாதன் அலமாரிகளைத் திறந்துவிட்டார. வாசகரே உள்ளே நடந்து போகலாம், எடுத்துப் புரட்டலாம், பிடித்ததைத் தேர்வு செய்யலாம். நூலகம் திறந்திருக்கும் நேரத்தையும் நீட்டித்தார். வருகிறவர்களுக்கு எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று சொல்லித் தரவே ஊழியர்களை நியமித்தார். கூட்டம் வரத் தொடங்கியது.

புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்குவதற்கு ஒரு புது முறையையும் உருவாக்கினார். லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தபோது தோன்றிய யோசனை அது. சின்னச் சின்னத் துண்டுகளையும் போல்ட்டுகளையும் வைத்து எத்தனை விதமான பொம்மை வேண்டுமானாலும் செய்யலாம். அதே போல, ஒரு புத்தகத்தின் பொருளைச் சின்னக் கூறுகளாகப் பிரித்து, குறியீடுகளால் இணைத்தால் எந்தப் புது விஷயத்துக்கும் இடம் கொடுக்க முடியும். இணைப்பதற்கு முக்கால்புள்ளியைப் பயன்படுத்தியதால் அதற்குக் கோலன் பகுப்பு முறை என்று பெயர் வந்தது. 1933-ல் நூலாக வெளியானது. உலகம் முழுக்க நூலகத் துறை மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

ஐந்தே விதிகள்... சொல்வது என்ன?

1931-ல் ரங்கநாதன் வெளியிட்ட நூல், நூலக அறிவியலின் ஐந்து விதிகள். உலக நூலகத் துறையில் அவர் பெயரை நிலைக்க வைத்தது இதுதான். பார்க்க எளிமையாக இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு சண்டைக்கான ஆயுதம்.

1. புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்காக. பாதுகாப்பது மட்டுமே வேலை இல்லை.

2. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும். பணக்காரர், ஏழை, ஆண், பெண், நகரம், கிராமம் என்ற பேதம் கூடாது.

3. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் கிடைக்க வேண்டும். தூசி படிந்து கிடக்கும் புத்தகம் யாருக்கும் லாபம் இல்லை.

4. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும். தேடியே நாள் போய்விடக் கூடாது.

5. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர். இடமும் முறையும் அதற்கேற்ப மாற வேண்டும்.

இதில் இரண்டாவது விதிதான் காசு சம்பந்தப்பட்டது. எல்லோருக்கும் புத்தகம் என்று சொல்லிவிட்டால், அடுத்த கேள்வி, யார் பணம் கொடுப்பது? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் அவர் அடுத்த 20 வருடங்களைச் செலவழித்தார்.

மாட்டு வண்டியில் வந்த புத்தகம்

1928-ல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியது. ரங்கநாதன் அதன் செயலாளர். படித்தவர்கள் கூடிப் பேசும் சங்கமாக அது நிற்கவில்லை. நூலகர்களுக்குப் பயிற்சிப் பள்ளி நடத்தியது, கிராமங்களுக்குப் போனது.

1931-ல் மன்னார்குடியில் மாட்டு வண்டி நூலகம் ஒன்று புறப்பட்டது. வண்டிக்குள் அலமாரி, அலமாரி முழுக்கத் தமிழ்ப் புத்தகங்கள். நூலகம் இல்லாத கிராமத்துக்கு நூலகமே நடந்து போனது. இன்றைய மொபைல் லைப்ரரி வேன்களின் தாத்தா அந்த மாட்டு வண்டி.

ஆனால் நன்கொடையை நம்பி எத்தனை வண்டி ஓட்ட முடியும்? நல்ல மனசு இருக்கும் ஊரில் நூலகம் வரும், இல்லாத ஊரில் வராது. அதனால் சட்டம் வேண்டும் என்றார் ரங்கநாதன். 1930-ல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை எழுதி முன்வைத்தார். சென்னை சட்டமன்றத்தில் 1930-களில் ஒரு மசோதா வந்தது. நிறைவேறவில்லை.

சொத்து வரியில் ஒரு பங்கு புத்தகத்துக்கு

சுதந்திரம் வந்த மறுவருடம், 1948-ல், சென்னை பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் டி.எஸ்.அவிநாசிலிங்கம் செட்டியார். சுதந்திர இந்தியாவில் ஒரு மாகாணம் கொண்டு வந்த முதல் நூலகச் சட்டம் அது.

அதன் சாரம் ரொம்ப எளிது. உள்ளாட்சி அமைப்புகள் வசூலிக்கும் சொத்து வரியோடு நூலக வரி என்று ஒரு சிறு தொகை சேர்க்கப்படும். அந்தப் பணம் நூலகங்களுக்கு மட்டும்தான் போக வேண்டும். நூலகங்களை நடத்த மாவட்டந்தோறும் ஆணைக்குழு.

உங்கள் வீட்டு சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். அது ரங்கநாதன் தலைமுறையின் போராட்டத்தில் வந்தது. வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும், முகம் தெரியாத ஒரு மாணவனின் புத்தகத்துக்குக் கொஞ்சம் காசு போடுகிறார் என்றுதான் அர்த்தம். வசூலான நூலக வரி முழுதாக நூலகத்துக்குப் போய்ச் சேர்கிறதா என்ற கேள்வி மட்டும் அவ்வப்போது எழுந்துகொண்டே இருக்கிறது.

காசி, டெல்லி, பெங்களூரு

சென்னைப் பல்கலைக்கழகத்தில் சுமார் 20 வருடங்கள். அந்தக் காலத்தில் விடுமுறையே எடுக்காமல் உழைத்தார் என்பார்கள். பிறகு காசி இந்துப் பல்கலைக்கழகம் அழைத்தது. ஓய்வெடுக்க வேண்டிய வயதில் அங்கே போய், சுமார் 1 லட்சம் புத்தகங்களைப் பகுத்து அடுக்கும் வேலையில் இறங்கினார்.

1947 முதல் டெல்லி பல்கலைக்கழகம். நூலக அறிவியலில் பட்டப்படிப்பும் ஆராய்ச்சிப் படிப்பும் அங்கே வேர் பிடித்தது அவரால்தான். 1957-ல் பத்மஸ்ரீ. 1962-ல் பெங்களூருவில், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையம் ஒன்றை உருவாக்கினார். 1965-ல் மத்திய அரசு அவரைத் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் ஆக்கியது.

சம்பாதித்த பணத்தில் 1 லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். 1950-களில் அது மிகப் பெரிய தொகை. நூலக அறிவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவியை உருவாக்குவதற்காகத் தன் மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்துத் தந்த பணம் அது. 1972 செப்டம்பர் 27-ல் பெங்களூருவில் காலமானார். ஆகஸ்ட் 12-ஐ தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடுவது அவர் நினைவாகத்தான்.

ஒரு இரவல் புத்தகம் என்ன செய்யும்?

நூலகத்துக்கு வெளியே ரங்கநாதன் எழுதிய ஒரு முக்கியமான நூல், கணித மேதை ராமானுஜனின் வாழ்க்கை வரலாறு. 1967-ல் வெளியானது. கணக்கு வாத்தியார் கணித மேதையைப் பற்றி எழுதியதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் ராமானுஜன் கதையிலேயே ரங்கநாதனின் இரண்டாவது விதி ஒளிந்திருக்கிறது.

1903 வாக்கில், கும்பகோணத்தில் பள்ளி மாணவனாக இருந்த ராமானுஜன் கைக்கு ஒரு தடிமனான கணிதப் புத்தகம் வந்தது. ஜி.எஸ்.கார் என்ற ஆங்கிலேயர் எழுதியது. ஆயிரக்கணக்கான கணித முடிவுகளின் தொகுப்பு. அவன் வாழ்க்கையைத் திசை திருப்பியது அந்தப் புத்தகம்தான்.

அது காசு கொடுத்து வாங்கியது இல்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரி நூலகத்துப் பிரதி, நண்பர் மூலமாக இரவலாக வந்தது. ராமானுஜன் வீட்டு வசதிக்கு அந்த மாதிரி புத்தகத்தை விலைக்கு வாங்கியிருக்க முடியாது. அந்த ஒரு பிரதி நூலகத்தில் இல்லாமல் போயிருந்தால்? இந்தக் கேள்வியை ராமானுஜனுக்கு மட்டும் கேட்டால் போதாது. புத்தகம் கைக்கு வராமலே போன எத்தனையோ பேரின் பெயர் நமக்குத் தெரியவே தெரியாது.

பாடப்புத்தகம் ஏன் விலை அதிகம்?

கல்லூரிப் புத்தகச் சந்தையில் ஒரு விசித்திரம் உண்டு. எந்தப் புத்தகம் என்று முடிவு செய்வது பேராசிரியர், காசு கொடுப்பது மாணவர். கடையில் சோப்பு வாங்கும்போது விலை அதிகம் என்றால் வேறு சோப்புக்கு மாறலாம். பாடப்புத்தகத்தில் அந்த வசதி கிடையாது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வந்தால், பக்க எண்ணும் கணக்கும் மாறி, சீனியரின் பழைய புத்தகமும் உதவாமல் போகும்.

இந்தியாவில் இதற்கு முன்பும் மாற்று வழிகள் இருந்தன. சோவியத் ரஷ்யாவின் மீர் பதிப்பகக் கணித, இயற்பியல் நூல்களை என்.சி.பி.எச். கடைகளில் மலிவு விலையில் வாங்கிப் படித்த இன்ஜினியர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். பிரிட்டன் அரசின் உதவியோடு மலிவுப் பதிப்புகள் வந்தன. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிப் பாடங்களுக்குத் தமிழிலேயே நூற்றுக்கணக்கான நூல்களை வெளியிட்டது. ஆனால் மீர் புத்தகங்களின் வரத்து சோவியத் உடைந்ததோடு நின்றது. இன்னொருவர் தரும் மானியத்தை நம்பினால் இதுதான் சிக்கல்.

டெல்லி ஜெராக்ஸ் வழக்கு

ரங்கநாதன் பணியாற்றிய அதே டெல்லி பல்கலைக்கழகத்தில், இந்தப் பிரச்சினை 2012-ல் கோர்ட் படி ஏறியது. வளாகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடை, பேராசிரியர்கள் பரிந்துரைத்த பல புத்தகங்களிலிருந்து தேவையான பக்கங்களை மட்டும் நகல் எடுத்துத் தொகுத்து மாணவர்களுக்கு விற்றது. பெரிய வெளிநாட்டுப் பதிப்பகங்கள் வழக்குப் போட்டன.

2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் நின்றது. பாடம் கற்பிக்கும் தேவைக்காக நகல் எடுப்பதற்கு இந்தியக் காப்புரிமைச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது என்றது. 2017-ல் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. ஆனாலும் ஒரு பக்கத்தை நகல் எடுக்கலாமா கூடாதா என்று நீதிமன்றத்தில் நிற்பதை விட, நகல் எடுக்கலாம் என்று எழுதியே வெளியிட்டால் என்ன? திறந்தநிலைக் கல்வி வளம் செய்வது அதைத்தான்.

இலவசம் வேறு, திறந்தநிலை வேறு

பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. ஒரு பி.டி.எஃப். இலவசமாகக் கிடைத்தால் அது திறந்தநிலை ஆகிவிடாது. படிக்க மட்டும் அனுமதி இருந்தால் அது இலவசம். நகல் எடுக்க, திருத்த, மொழிபெயர்க்க, அடுத்தவருக்குக் கொடுக்க அனுமதி இருந்தால்தான் திறந்தநிலை. கிரியேட்டிவ் காமன்ஸ் போன்ற உரிமங்கள் இந்த அனுமதியைத் தெளிவாக எழுதித் தருகின்றன.

திறந்தநிலைக் கல்வி வளங்கள் என்ற பெயர் 2002-ல் யுனெஸ்கோ கூட்டத்தில் பிறந்தது. அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓபன்ஸ்டாக்ஸ், 2012 முதல் கல்லூரிப் பாடநூல்களை இப்படி வெளியிடுகிறது. நூலை எழுதுபவருக்கும் சரிபார்ப்பவருக்கும் அறக்கட்டளைகள் பணம் தருகின்றன, படிப்பவரிடம் காசு வாங்குவதில்லை. செலவை ஒரே இடத்தில் பொதுவாக ஏற்றுக்கொள்ளும் அதே நூலக வரிக் கணக்கு.

நம்ம ஊரில் ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை. ஐ.ஐ.டி. கரக்பூர் நடத்தும் தேசிய டிஜிட்டல் நூலகமும் இலவசம்தான். எதையாவது நகல் எடுத்துப் பரப்பும் முன், அதன் உரிமம் என்ன சொல்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து விதிகளை வைத்துப் பார்த்தால்...

இலவசமாக வெளியிட்டாலே வேலை முடிந்ததா? ரங்கநாதனின் விதிகளை வைத்துப் பார்த்தால் முடியவில்லை என்று தெரியும். ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும் இலவசப் புத்தகம், தமிழ் வழியில் படித்து வந்த மாணவருக்குப் பாதிதான் திறந்திருக்கிறது. அங்கே இரண்டாவது விதி தோற்கிறது. நல்ல பாடம் இணையத்தில் இருந்தும் பேராசிரியருக்கே தெரியவில்லை என்றால் மூன்றாவது விதி தோற்கிறது. நூறு லிங்க்கைத் திறந்து பார்த்துத்தான் சரியானதைக் கண்டுபிடிக்க முடியும் என்றால் நான்காவது விதி தோற்கிறது.

அதனால்தான் நல்ல நூலகரின் தேவை இன்னும் போகவில்லை. சிலபஸுக்கு எந்த இலவசப் பாடம் பொருந்தும் என்று தேடிப் பட்டியல் போட்டுக் கொடுக்கும் ஒரு கல்லூரி நூலகர், வகுப்பு முழுக்க இருக்கும் மாணவர்களின் செலவைக் குறைக்க முடியும். உங்கள் கல்லூரி நூலகரிடம் அப்படி ஒரு பட்டியல் கேட்டுப் பாருங்கள்.

ரங்கநாதனின் சொந்தப் புத்தகங்கள் என்ன ஆயின என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடங்களுக்குக் காப்புரிமை உண்டு. அதன்படி அவர் எழுத்துகளுக்கு 2032 முடியும் வரை உரிமை இருக்கிறது. ஆனால் அவர் உருவாக்கிய சாரதா ரங்கநாதன் அறக்கட்டளை அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. அதன் அனுமதியோடு, ஐந்து விதிகள் உட்பட அவருடைய முக்கிய நூல்களை அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகம் டிஜிட்டல் வடிவில் இணையத்தில் இலவசமாக வெளியிட்டது.